இலை சிறுக்கும், பழம் சிறுக்காது

அத்தியாயம் 11

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, வடக்கனந்தலில் தன் வீட்டு மொட்டைமாடியில், ஆண்டாள் ஒரு மரத்தின் முன்னால் குந்தியிருந்தாள்.

மரத்தின் உயரம் ஒரு முழம். அகலமான மண் தட்டில், அடிமரம் பருத்து, வேர்கள் மேலே தெரிய, நூறு வருஷத்துக் கிழம்போல நின்றது. அதில் அவளைக் கலக்கிய விஷயம் இலைக்காம்புகளின் இடுக்கில் இருந்தது. ஏழு காய்கள். கொண்டைக்கடலையைவிடச் சின்னது. நேற்றுவரை பச்சை இலையோடு பச்சையாக ஒளிந்திருந்தவை, இன்றைக்குப் பார்த்து லேசாக மஞ்சள் கட்டியிருந்தன.

கிள்ளிப் போட்டால் வேலை முடிந்தது. ஏழு கிள்ளு. ஆண்டாள் முதல் காயை இரண்டு விரலால் பிடித்தாள். விட்டாள். மறுபடி பிடித்தாள்.

ஆண்டாளின் கணவர், ஓய்வுபெற்ற கரும்பு அலுவலர் நாராயணசாமியை நமக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு அவருடைய விசிட்டிங் கார்டு போதும். பெயருக்கு முன்னால் 'குறுமரச் செம்மல்' என்று இருக்கும். பெயருக்குக் கீழே 'தலைவர், கள்ளக்குறிச்சி வட்டாரக் குறுமர வளர்ப்போர் சங்கம்' என்று இருக்கும். சங்கத்தில் ஐந்து பேர். ஐவரும் நிர்வாகிகள். சாதாரண உறுப்பினர் என்று ஒருவரும் இல்லாததால் இதுவரை எதிர்ப்பு எழுந்ததில்லை. செம்மல் பட்டத்தை வழங்கியதும் சங்கம்தான். வழங்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் தலைவர்.

இத்தனைக்கும் தொடக்கம் மிக எளிமையானது. இருபத்தேழு வருஷத்துக்கு முன் ஒரு பயிற்சி வகுப்பில், மேலதிகாரி ஒவ்வொருவரையும் எழுப்பி, உங்கள் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார். ஒருவர் புல்லாங்குழல் என்றார். இன்னொருவர் தபால்தலை என்றார். நாராயணசாமி எழுந்து நின்று, யோசித்து, உட்கார்ந்துவிட்டார். அந்த வாரமே அலுவலகச் சன்ஷேடு விரிசலில் முளைத்திருந்த ஓர் ஆலங்கன்றைப் பிடுங்கி வந்து தட்டில் வைத்தார். வெட்டினார், கம்பி சுற்றினார், போன்சாய் புத்தகம் வாங்கினார். ரிஷிவந்தியத்திலிருந்து வந்த அவருடைய அக்கா, வீட்டில் மரத்தைக் குள்ளமாக்கினால் வம்சம் குள்ளமாகும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆலங்கன்று வீட்டில் பதினெட்டு வருஷம் வளராமல் வளர்ந்தது.

போன வாரம் இரண்டு காரியம் நடந்தது. கல்வராயன் மலைக் கோடை விழாவின் மலர்க் காட்சியில் அவருடைய மரத்துக்கு இடம் கிடைத்தது. அந்த மகிழ்ச்சியோடு வயலில் இருக்கும் மோட்டார் கொட்டாய்க்குப் போனவர், அங்கே தானாக நிற்கும் ஆலமரத்தின் வேர் தண்ணீர்த் தொட்டியைப் பிளந்திருப்பதைக் கண்டு, வேலைக்கு வரும் ராசுவிடம் திங்கட்கிழமை அதை அறுத்துவிடச் சொன்னார். ஆண்டாள் வேண்டாம் என்றாள். காரணம் கேட்டார். நிழல் என்றாள். நிழலுக்குத் தகரம் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

"வீட்டுக் குறுமரத்தப் பாரு, வெளி மரத்தப் பாரு. ஒண்ணு ஒழுக்கத்துல வளந்தது. இன்னொண்ணு கேக்க ஆளில்லாம வளந்தது" என்றார். இந்த வாக்கியத்தை அவர் ஏற்கெனவே இரண்டு பள்ளிக்கூட விழாக்களில் பேசியிருக்கிறார்.

"எம்மா, இன்னா ஒக்காந்துகினு கீற? காபி ஆறுது."

மகள் மணிமொழி படியேறி வந்தாள். கள்ளக்குறிச்சியில் ஆசிரியை. அப்பாவை மலைக்குக் கூட்டிப்போகக் காரோடு நேற்றே வந்திருந்தாள். அம்மாவின் விரல்களையும் விரல்களுக்கு நடுவில் இருந்த காயையும் பார்த்தாள்.

"காய் வுட்டிருக்கா? அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. கிள்ளிடலாம்னு பாக்கறேன்."

"எதுக்கு?"

ஒன்பது வருஷமாகச் சொல்லாததை எந்த முனையில் தொடங்குவது என்று ஆண்டாளுக்குத் தெரியவில்லை.

"இது ஆலு இல்லடி. இச்சி. காய் காட்டிக் குடுத்துடும்."

பிறகு சொன்னாள். ஒன்பது வருஷத்துக்கு முன், ஓய்வுபெற்ற கையோடு, மகன் அறிவுச்செல்வன் பெங்களூரில் வீடு கட்டுவதை மேற்பார்வை பார்க்க நாராயணசாமி கிளம்பினார். எட்டு மாதம். போகும்போது மரத்துக்காக இரண்டு பக்கம் டைப் அடித்துச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். தினம் காலை ஆறரைக்கு ஒரு டம்ளர் தண்ணீர். கூட்டவோ குறைக்கவோ கூடாது. வெயிலோ மழையோ, விதி ஒன்றே. ஆண்டாள் ஒரு சொட்டுக் கூட்டவில்லை. அக்னி நட்சத்திரத்தில் பன்னிரண்டாம் நாள் மரம் இலையெல்லாம் கொட்டிவிட்டது.

பயந்துபோனாள். அதைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டாள். தட்டு காலியாக இருந்தால் கேள்வி வருமே என்று, கிணற்றுச் சுவரில் கல் இடுக்கில் ரொம்ப நாளாக நெருக்குண்டு நின்ற ஒரு கன்றை, இரும்புக் கம்பியால் நெம்பி எடுத்து வந்து வைத்தாள். ஆல் கிடைக்கவில்லை. ஆலைப்போலவே இருக்கும் இச்சிதான் கிடைத்தது. கல்லோடு மல்லுக்கட்டியதில் அதன் அடிமரம் ஏற்கெனவே முறுக்கிக்கொண்டு பருத்திருந்தது. எரிந்துபோன மோட்டாரின் சுருளில் செம்புக் கம்பி இருந்தது. அதைப் பிரித்துக் கிளைகளில் சுற்றினாள். அவர் வந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தாள்.

"சொல்ல வேண்டியதுதான?"

"எங்க சொல்ல வுட்டாரு. வந்து பையக்கூட வைக்கல. நேரா மாடிக்கு வந்தாரு. கண்ணாடியப் போட்டாரு. எலை சிறுத்துடுச்சு ஆண்டாளு, பதினெட்டு வருசமா சிறுக்காத எலை சிறுத்துடுச்சுன்னாரு. அழுதுட்டாருடி. என் கையப் புடிச்சுகினாரு. கல்யாணத்துல புடிச்சது. அதுக்கப்பறம் அன்னிக்குத்தான்."

மணிமொழிக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். இலை சிறுத்த வரலாறு அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். தட்டு மரத்தில் நாளடைவில் இலை சிறுக்கும் என்று புத்தகம் சொன்னதை, அளவு தண்ணீரால் தான் சாதித்ததாக அவர் 'இலை சிறுக்கும் முறை' என்று பதினாறு பக்கப் புத்தகமே போட்டிருந்தார். அதற்கு வாழ்த்துரை சங்கத்தின் செயலாளர். நன்றியுரை பொருளாளர்.

முட்டி வலி வந்தபின் அவரால் கீழே குந்த முடியவில்லை. அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அவர் மதியம் தூங்கும்போது ஆண்டாள் மரத்தைத் தட்டிலிருந்து எடுத்து, வேர் வெட்டி, மண் மாற்றி, திரும்ப வைப்பாள். கிளை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவள் முடிவு செய்வாள். அவர் மாலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, தானாக அழகாகத் திரும்புகிறது பார் என்பார்.

"சரிம்மா, கிள்ளுறதுன்னா கிள்ளு. நேரமாவுது."

"மொத காய்ப்புடி இது. ஒம்போது வருசம்." ஆண்டாள் விரலை எடுத்துக்கொண்டாள். "எனக்கு மனசு வரல."

"பழைய மரத்த இன்னா பண்ண?"

ஆண்டாள் வாயைத் திறந்தாள். அதற்குள் கீழேயிருந்து நாராயணசாமியின் குரல், குறுமரம் இன்னும் இறங்கவில்லையா என்று கேட்டது. அவர் அதை மரம் என்று சொல்லி மணிமொழி கேட்டதில்லை.

ஏழரைக்குக் கார் கிளம்பியது. அதற்கு ஐந்து நிமிஷம் முன்னால், ஆண்டாள் காருக்குள் குனிந்து, பின்சீட்டில் மரத்துக்குத் துண்டு மடித்து அணை கொடுத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் ராசு வந்து நின்றான். மரம் அறுக்கிற மெஷின்காரன் திங்கட்கிழமை வேறு ஊருக்குப் போகிறானாம், இன்றைக்கு மூன்று மணிக்கு மேல் வரட்டுமா என்று கேட்கிறானாம். நாராயணசாமி, வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்தபடி, நல்ல காரியத்துக்கு நாள் எதற்கு, வரச் சொல் என்றார். அவர் அன்றைக்கு எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லும் மனநிலையில் இருந்தார்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை வலதுகையால் காட்டிவிட்டு, மலை ஏறத் தொடங்கியதும் அவர் உரையை ஒத்திகை பார்த்தார். மணிமொழி ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தாள். சில இடங்களில் வளைவு இல்லாமலும் அடித்தாள்.

காட்சி அரங்கு துணிப்பந்தல்தான். ரோஜாவுக்கும் சாமந்திக்கும் நடுவில், காய்கறியில் செய்த மயிலுக்குப் பக்கத்தில், குறுமரங்களுக்கு ஒரு நீள மேசை. மொத்தம் ஆறு மரங்கள். நாராயணசாமி தன் தட்டை வைத்து, வீட்டிலேயே எழுதி வந்த அட்டையைச் சாய்த்து நிறுத்தினார். நான்கு வரி. முதல் வரி ஆலமரம். இரண்டாவது வயது 27. மூன்றாவது, வளர்த்தவர் குறுமரச் செம்மல் நாராயணசாமி. நான்காவது, தலைவர், சங்கத்தின் முழுப்பெயர்.

காய்களை அவர் அங்கேதான் கவனித்தார். பார்த்து நிமிர்ந்தபோது முகத்தில் ஓர் ஒளி வந்தது.

"பாத்தியா ஆண்டாளு. பழமும் சிறுத்துடுச்சு."

மலைக்காரப் பெண் ஒருத்தி இடுப்புக் குழந்தையோடு மேசையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். குழந்தையிடம் மரத்தைக் காட்டி, இச்சி பாரு, குருவி தின்னுமே, அந்த இச்சி என்றாள். நாராயணசாமி பெருந்தன்மையோடு திருத்தினார்.

"ஆலும்மா அது. அட்டையில போட்டிருக்கு பாரு."

அவள் அட்டையைப் பார்க்கவில்லை. மரத்தை இன்னொரு தடவை பார்த்தாள். அவரைப் பார்த்தாள். சரிங்க என்று சொல்லிவிட்டு, அவருக்கு எதற்குச் சிரமம் என்பதுபோல நகர்ந்து போய்விட்டாள்.

பதினொரு மணிக்கு நடுவர் வந்தார். பேராசிரியை நிர்மலா. கையில் ஒரு காகிதம், கழுத்தில் தொங்கும் கண்ணாடி. மற்ற ஐந்து மரங்களிடமும் ஒவ்வொரு நிமிஷம் நின்றவர், இங்கே வந்து குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. நாராயணசாமி உரையைத் தொடங்கினார். ஒழுக்கம் வந்தது, அளவு வந்தது, இலை சிறுத்தது, இன்றைக்குக் கடைசியாகப் பழமும் சிறுத்தது. நிர்மலா எல்லாவற்றையும் கேட்டு முடித்தார்.

"சார், எலை சிறுக்கும். பழம் சிறுக்காது" என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "எவ்ளோ குட்டி மரமா இருந்தாலும் ஆலம்பழம் கோலிகுண்டு சைஸ்லதான் வரும். இது இச்சிங்க."

நாராயணசாமி சிரித்தார். சங்கத்தில் ஐயம் எழுப்பப்பட்டால் இப்படித்தான் சிரிப்பார். தன்னுடைய முறையில் எதுவும் சாத்தியம் என்று தொடங்கினார். நிர்மலா மறுக்கவில்லை. ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். ஆலின் இலை அடியில் துணிபோலச் சொரசொரக்கும், இதைத் தடவிப் பாருங்கள் என்றார். அவர் தடவினார். வழவழவென்று இருந்தது. ஒன்பது வருஷமாக அந்த இலைகளுக்குத் தண்ணீர் தெளித்தவர், முதல் தடவையாக ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தார்.

சிரிப்பு நின்றது.

"மரம் ரொம்ப அருமையா இருக்கு சார். அதுல ஒண்ணும் கொறையில்ல" என்றார் நிர்மலா. "கம்பித் தழும்பே தெரியல. கை பழகினவங்க கட்டினது. பேர மட்டும் மாத்திடுங்க. சரியான வயசு மட்டும் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

வயது அவருக்குத் தெரியவில்லை. மகளைப் பார்த்தார். மகள் அம்மாவைப் பார்த்தாள். பந்தலுக்கு வெளியே ஒலிபெருக்கி, காணாமல்போன ஒரு பையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆண்டாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பேசாமல் இருந்துவிடலாம். இன்னும் ஒரு பொய்யை மகளே சொல்லிவிடுவாள். ஆனால் நடுவரம்மா கம்பி கட்டிய கையின் பழக்கத்தைக் கண்டுகொண்டிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அதைப் பார்த்த முதல் ஆள்.

"ஒம்போது வருசங்க" என்றாள். "கெணத்துச் செவுத்துல இருந்துச்சு. எடுக்கறப்பவே கைப்புடி தடிமன் இருக்கும். வலப்பக்கக் கெளை ரெண்டு வருசமா அடங்கல. இப்பத்தான் எறங்குது."

நிர்மலா காகிதத்தை விட்டுவிட்டு அவளிடம் திரும்பினார். என்ன மண், வேர் எப்போது வெட்டுவது, செம்புக் கம்பி எங்கே வாங்கியது. ஆண்டாள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். எரிந்த மோட்டாரின் கம்பி என்றதும் நடுவர் அதை எழுதிக்கொண்டார். அந்தப் பத்து நிமிஷமும் குறுமரச் செம்மல் தன் மனைவியை, புது ஊரில் இறங்கியவர் பேருந்துப் பலகையைப் படிப்பதுபோல, பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவர் போனபின் அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அட்டையைக் கையில் வாங்கினார். ஆலமரத்தை அடித்து இச்சி என்று எழுதினார். இருபத்தேழை அடித்து ஒன்பது என்று எழுதினார். மூன்றாவது வரியில் பேனா நின்றது. மணிமொழி வேறு பக்கம் திரும்பி, காய்கறி மயிலைப் பார்ப்பதுபோல நின்றாள். திரும்பிப் பார்த்தபோது மூன்றாவது வரியில் 'வளர்த்தவர்' தவிர மற்றதெல்லாம் அடிக்கப்பட்டு, மேலே 'ஆண்டாள்' என்று இருந்தது. எழுத்துக் கொஞ்சம் கோணல். நான்காவது வரியை அவர் தொடவில்லை. மறந்தாரா, மனம் வரவில்லையா, தெரியாது.

அதனால் பரிசளிப்பில் அறிவிப்பாளர் அட்டையை இருந்தபடி படித்தார். குறுமரப் பிரிவு, இரண்டாம் பரிசு, இச்சி மரம், வளர்த்தவர் திருமதி ஆண்டாள், தலைவர், கள்ளக்குறிச்சி வட்டாரக் குறுமர வளர்ப்போர் சங்கம். சங்கத்தின் முதல் ஆட்சி மாற்றம், மலைமேல், மைக்கில், கைத்தட்டலோடு நடந்து முடிந்தது. பழைய தலைவரும் தட்டினார். அவர் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கி, மற்றவர்கள் நிறுத்தியபின்னும் தட்டிக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது இரண்டரை மணி. ஆண்டாள் பின்சீட்டில், மடியில் மரம், பக்கத்தில் பரிசாக வந்த ஹாட்பாக்ஸ். முன்சீட்டில் நாராயணசாமி. நான்கு வளைவுகளில் மணிமொழி ஹாரன் அடிக்கவில்லை.

ஐந்தாவது வளைவில் அவர் திரும்பாமலே கேட்டார்.

"அந்த ஆலுக்குத் தண்ணி எவ்ளோ ஊத்துன?"

"நீங்க எழுதி வச்சாப்பலதாங்க. ஒரு டம்ளர்."

"அக்னி நட்சத்திரத்துலயுமா?"

"கூட்டக் கூடாதுன்னு போட்டிருந்திங்களே."

அவர் தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றி, வேட்டியில் துடைத்து, திரும்ப மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நாந்தான் கொன்னது."

அதைச் சொன்ன குரலில் செம்மல் இல்லை, தலைவர் இல்லை. பயிற்சி வகுப்பில் எழுந்து நின்று பதில் தெரியாமல் உட்கார்ந்த மனிதர் மட்டும் இருந்தார். ஆண்டாளுக்கு அந்தக் குரல் பொறுக்கவில்லை. இரண்டாவது பாதியையும் இன்றைக்கே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

"அது சாவலீங்க. எடுத்துப் போட மனசு வராம, மோட்டார் கொட்டாய்கிட்ட தண்ணி போற வாய்க்கா ஓரமா நட்டு வச்சேன். ஒரு மாசத்துல துளுத்துடுச்சு. தொட்டிய ஒடைக்குதுன்னு திட்டிகினு கீறிங்களே, அதாங்க உங்க மரம். நாளைக்கி ராசுவ வர வேணாம்னு சொல்லிடுங்க."

மணிமொழி பக்கவாட்டில் பார்த்தாள். அப்பாவின் கை சட்டைப்பைக்குப் போய், போனை எடுத்து, ராசுவின் எண்ணைத் தேடி அழுத்தி, காதில் வைத்தது. எடுத்துப் பார்த்தது. திரும்ப வைத்தது.

"டவர் இல்ல" என்றார். பிறகு, மிக மெதுவாக, "நாளைக்கி இல்ல ஆண்டாளு. இன்னிக்கி. மூணு மணிக்கு."

மணிமொழி கியரை மாற்றினாள். பின்சீட்டில் ஆண்டாள் இரண்டு கையாலும் மரத்தை அணைத்துக்கொண்டாள். வளைவில் ஒரு பழம் உதிர்ந்து அவள் மடியில் விழுந்தது.

அடுத்த திருப்பத்தில் மலை விலகி, கீழே சமவெளி திறந்துகொண்டது. அணைத் தண்ணீர் பளபளத்தது. அதற்கு அப்பால் வடக்கனந்தல் பக்கம், கரும்பும் நெல்லுமாக விரிந்த வயல்களுக்கு நடுவே, புள்ளி புள்ளியாக எத்தனையோ மரங்கள். நாராயணசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜன்னலில் முகத்தை வைத்துத் தேடினார்.

எது தன் மரம் என்று அவருக்குத் தெரியவில்லை.